எஃப்-1 விசாவில் இருந்துகொண்டு ஊர்வலத்துக்குப் போகலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறீர்கள். ஐஸ் என்று எல்லோரும் சொல்லும் குடியேற்ற அமலாக்கத் துறையின் சோதனைகளையும், அமெரிக்கா வெளிநாட்டில் நடத்தும் போரையும் சேர்த்து எதிர்த்து உங்கள் ஊரில் ஓர் ஊர்வலம் நடக்கப்போகிறது. கூடப் படிக்கும் அமெரிக்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போனால் குற்றமா, விசா போய்விடுமா, இந்த இரண்டையும் ஏன் ஒரே ஊர்வலத்தில் போட்டுக் குழப்புகிறார்கள், போனாலும் ஏதாவது பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று படுகிறது. சட்டம் அனுமதிக்கிறது என்று நண்பர்கள் சொல்வதை நம்பி இறங்கினால், சிக்கல் வரும் நாளில் அந்தச் சட்டம் சமயத்துக்கு வந்து நிற்குமா?

குடியேற்ற வழக்குகளில் பல வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். ஊர்வலங்களில் சட்டப் பார்வையாளராகவும் நின்றிருக்கிறேன். நேஷனல் லாயர்ஸ் கில்ட் என்ற வக்கீல்கள் சங்கம் 1968-ல் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. பளிச்சென்ற பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் நோட்டுடன் ஓரமாக நிற்போம். கோஷம் போட மாட்டோம். மணி எத்தனை, எந்தப் போலீஸ் பிரிவு, பேட்ஜ் எண் என்ன, கலையச் சொன்னது யார், சொன்னதற்கும் பிடித்ததற்கும் நடுவே எத்தனை நிமிஷம் இருந்தது என்று எழுதிக்கொண்டே இருப்போம். ஆக, சட்டப் புத்தகத்தில் இருப்பதையும் தெருவில் நடப்பதையும் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் இது பொதுவான விளக்கம்தான். உங்கள் ஐ-94 என்ற நுழைவுப் பதிவு, பழைய டிராஃபிக் டிக்கெட், பாதியில் நிற்கும் விண்ணப்பம் இவற்றையெல்லாம் நேரில் பார்க்காமல் உங்கள் கேஸுக்கு இதுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. அமைதியாக ஊர்வலம் போவது குற்றமல்ல, உங்களுக்கும் அல்ல. ஹாரி பிரிட்ஜஸ் என்பவர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்களின் தலைவர். 1934-ல் பெரிய வேலைநிறுத்தம் நடத்தியதிலிருந்தே அவரைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்த அரசு விடாமல் முயன்றது. 1945-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கியெறிந்தது. இந்த நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமையும் பத்திரிகை உரிமையும் உண்டு என்று தீர்ப்பில் வெளிப்படையாக எழுதியது. தெருவும் பூங்காவும் மக்கள் கூடிப் பேசுவதற்கான இடம் என்பது 1939 முதலே நிலைத்துவிட்ட விஷயம். போரை எதிர்ப்பதும் அப்படித்தான். 1965-ல் அயோவா மாநிலத்தின் டெ மாய்ன் நகரில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்த பள்ளிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் இடைநீக்கம் செய்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று பிள்ளைகள் பக்கம் நின்றது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இதே நீதிமன்றம்தான் 1919-ல், முதல் உலகப் போர்க் கால ஆள்சேர்ப்பை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சடித்தவர்களின் தண்டனையை உறுதி செய்தது. போர்க் காலத்தில் நீதிபதிகளின் முதுகு கொஞ்சம் வளையும். நிமிர வருஷம் பிடிக்கும்.

நகராட்சி என்ன கட்டுப்படுத்தலாம் என்பதும் ஏறக்குறைய தெளிவுதான். எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு சத்தத்தில் என்று விதி போடலாம். என்ன பேசுகிறீர்கள் என்பதை வைத்து விதி போடக் கூடாது. சாலையை அடைத்துப் போகும் ஊர்வலத்துக்கு பெர்மிட் வேண்டும். நடைபாதையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்தால் பெரும்பாலான ஊர்களில் வேண்டாம். வாஷிங்டன் நேஷனல் மால் போன்ற இடங்களில் 25 பேருக்கு மேல் சேர்ந்தால் பூங்காத் துறையின் அனுமதி கேட்பார்கள். சாலையில் உட்கார்ந்து மறிப்பது, வாசலை அடைப்பது, ஐஸ் வண்டியின் முன்னால் நிற்பது எல்லாம் பேச்சுரிமைக்குள் வராது. எவ்வளவு அமைதியாக, காந்திய வழியில் செய்தாலும் அது சட்ட மறுப்புதான். தெரிந்தே கைதாகிறவர்கள் செய்வது அது. உங்கள் அமெரிக்க நண்பருக்கு அது ஓர் இரவும் ஓர் அபராதமும். உங்களுக்கு அந்தக் கணக்கு வேறு.

சரி, இப்போது தெளிவில்லாத பகுதிக்கு வருவோம். இந்த ஊர்வலத்தில் இரண்டு விஷயம் இருப்பதாகச் சொன்னீர்களே, அவற்றின் ஆபத்தும் இரண்டு வகை. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஐஸை எதிர்ப்பதில் உள்ள ஆபத்து பெரும்பாலும் தெருவில் வருகிறது: யார் பக்கத்தில் நிற்கிறீர்கள், எந்தக் கட்டடத்தின் முன் நிற்கிறீர்கள், கலையச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போரை எதிர்ப்பதில் உள்ள ஆபத்து காகிதத்தில் வருகிறது. தெருவில் நீங்கள் ஒரு தவறும் செய்திருக்க வேண்டியதில்லை.

காகிதம் என்றால் இதுதான். குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒருவர் இங்கே இருப்பது அமெரிக்க வெளியுறவுக் கொள்கைக்குக் கடுமையான பாதகம் தரக்கூடும் என்று வெளியுறவு அமைச்சர் நம்ப நியாயமான காரணம் இருந்தால், அவரை நாடு கடத்தலாம். சட்டபூர்வமான பேச்சுக்காக மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று விலக்கும் அதிலேயே உண்டு. ஆனால் அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு: அமைச்சரே நேரடியாக, முக்கியமான வெளியுறவு நலன் பாதிக்கப்படுகிறது என்று முடிவு செய்தால் பேச்சும் காரணமாகலாம். நகராட்சியின் குப்பை வண்டியைக் குறைசொல்லிப் பேசுகிறவர் மேல் இந்தப் பிரிவைப் பாய்ச்ச முடியாது. வெளிநாட்டுப் போரைப் பற்றிப் பேசினால் அது இந்தப் பிரிவின் வாசலிலேயே போய் நிற்கிறது.

பல பத்தாண்டுகளாக அது பெரும்பாலும் தூசி படிந்தே கிடந்தது. 1990-களில் மெக்சிகோவின் முன்னாள் அதிகாரி ஒருவர்மேல் பயன்படுத்தினார்கள். 1996-ல் நியூ ஜெர்சி மாவட்ட நீதிபதி ஒருவர் இந்தப் பிரிவே அரசியலமைப்புக்கு முரண் என்றார். அந்த நீதிபதி டொனால்ட் டிரம்ப்பின் அக்கா என்பது வரலாற்றின் வேடிக்கை. அதே வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிரிவு சரி என்று சொல்லவில்லை, முதலில் குடியேற்ற நீதிமன்றத்தில் போய் முடித்துவிட்டு வாருங்கள் என்றது. பிறகு 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காசா போருக்கு எதிரான போராட்டத்தில் முன்னின்ற மஹ்மூத் கலீலை இதே பிரிவில் பிடித்தார்கள். அவர் கிரீன் கார்டு வைத்திருந்தவர், குற்ற வழக்கு எதுவும் இல்லை. லூசியானா தடுப்பு முகாமில் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தார். நியூ ஜெர்சியிலேயே இன்னொரு மாவட்ட நீதிபதி இந்தப் பிரிவின் பயன்பாடு அரசியலமைப்புக்கு முரணாக இருக்கக்கூடும் என்றார், ஜூனில் வெளியே விட்டார். 2026 ஜனவரியில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், முப்பது வருஷத்துக்கு முன்பு சொன்னதைப் போலவே, குடியேற்ற நீதிமன்ற வழியாக வாருங்கள் என்று சொல்லிவிட்டது. ஆகவே பிரிவு செல்லுமா செல்லாதா என்ற கேள்வி இன்னும் அப்படியே தொங்குகிறது.

உங்கள் நிலைக்கு நெருக்கமானது இன்னொரு கேஸ். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் எஃப்-1 விசாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த துருக்கி மாணவி ஒருவர், மாணவர் பத்திரிகையில் வேறு சிலரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவ்வளவுதான் வெளியே தெரிந்த காரணம். 2025 மார்ச் 25 அன்று வீட்டருகே தெருவில் முகமூடி அணிந்த அதிகாரிகள் சூழ்ந்து பிடித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே விசாவை ரத்து செய்திருந்தார்கள், அவருக்குத் தெரிவிக்கவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார், பிறகு நீதிபதி விடுவித்தார். அந்தச் செப்டம்பரில் பாஸ்டன் மாவட்ட நீதிபதி ஒருவர், சட்டபூர்வமாக இங்கிருக்கும் வெளிநாட்டவருக்குக் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு, கொள்கை அளவில் அரசு செய்தது தவறு என்று நீண்ட தீர்ப்பு எழுதினார். நல்ல தீர்ப்புதான். ஆனால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு நாட்டின் மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. 1952-லும் 1999-லும் உச்ச நீதிமன்றம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது: முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார்கள் என்பதற்காக நெடுங்காலம் இங்கே வாழ்ந்தவர்களை நாடு கடத்தலாம் என்று 1952-ல் சொன்னது. முறைப்படி தங்க அனுமதி இல்லாதவர், 'என் கருத்துக்காக என்னைப் பொறுக்கியெடுத்துத் துரத்துகிறார்கள்' என்பதை நாடு கடத்தலுக்கு எதிரான வாதமாக வைக்கப் பொதுவாக முடியாது என்று 1999-ல் சொன்னது.

ஆகவே விசா போய்விடுமா என்ற உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இது. சட்டபூர்வமான ஊர்வலத்தில் அமைதியாக நடந்த ஒரு மாணவருக்கு எதுவும் நடக்காமல் போவதுதான் மிகவும் சாதாரணம். இலட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். பிரச்சினை வந்தவர்கள் பெரும்பாலும் பெயரும் முகமும் வெளியே தெரிந்தவர்கள், பேச்சாளர்கள், கட்டுரை எழுதியவர்கள், அல்லது ஏதோ ஓர் இணையப் பட்டியலில் சிக்கியவர்கள். ஆனால் வந்துவிட்டால், கடைசியில் நீங்கள் ஜெயித்தாலும் நடுவில் போன மாதங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். விசா ரத்தானதே நாடு கடத்தக் காரணமாகலாம் என்று சட்டம் சொல்கிறது, அந்த ரத்தை எதிர்த்து நீதிமன்றம் போகும் வழியும் குறுகல். இன்னொன்று, ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது விமான நிலையத்தில் உங்கள் உரிமை நடைபாதையில் இருந்ததைவிடக் குறைவு. 2019 முதல் விசாப் படிவத்தில் சமூக வலைதளக் கணக்குகளைக் கேட்கிறார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் விசா முத்திரை குத்த ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்றால், ஊர்வலத்தில் நடப்பதைவிட அதைப் படம் பிடித்து உங்கள் பெயரில் போடுவதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

தெருவில் வரும் ஆபத்து, அதாவது கைது, இதைவிட எளிதாகப் புரியும். வழக்கு போடாமல் இரண்டு மணி நேரத்தில் விட்டாலும் கைது கைதுதான். விசா விண்ணப்பத்தில் எப்போதாவது கைதானீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். கிரீன் கார்டு படிவத்திலும், பின்னால் குடியுரிமைப் படிவத்திலும் அதே கேள்வி வேறு வார்த்தைகளில் வரும். தள்ளுபடியானது, பதிவிலிருந்து நீக்கப்பட்டது என்றாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும், காகிதத்தை இணைக்க வேண்டும். இல்லை என்று எழுதிப் பின்னால் மாட்டுவது கைதைவிட மோசம். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவை (மாணவர் விசாக்காரர்களைப் பற்றி அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) ஒரே வீச்சில் ரத்து செய்தார்களே, அதில் பலருக்குக் காரணம் இப்படிப்பட்ட சில்லறைப் பதிவுகள்தான். எஃப்.பி.ஐ. தரவுத்தளத்தில் பெயர் பொருந்தியது, அவ்வளவே. வழக்குகள் குவிந்ததும் அந்த மாதக் கடைசியில் அரசு பின்வாங்கிப் பதிவுகளைத் திரும்பச் சேர்த்தது. அந்த மூன்று வாரம் என் போன் ஓயவே இல்லை.

உடலுக்கு வரும் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் சோதனைகளை எதிர்த்த போராட்டத்துக்கு மத்திய அரசு, மாநிலங்களின் துணைப் படையான நேஷனல் கார்டு வீரர்களையும் சுமார் 700 மரீன்களையும் அனுப்பியது. உள்நாட்டுச் சட்ட அமலாக்கத்தில் ராணுவத்தை இறக்கியது 1878-ம் வருஷச் சட்டத்துக்கு விரோதம் என்று மாவட்ட நீதிபதி ஒருவர் அந்தச் செப்டம்பரில் தீர்ப்புச் சொன்னார். 2026 ஜனவரியில் மினியாபொலிஸில் குடியேற்ற நடவடிக்கையின்போது கூட்டாட்சி அதிகாரிகள் சுட்டதில் அமெரிக்கக் குடிமக்கள் இருவர் இறந்தார்கள். பெர்மிட் வாங்கிப் பகலில் நடக்கும் ஊர்வலமும், அதிகாரிகள் ஆள் பிடித்துக்கொண்டிருக்கும் தெருமுனையும் ஒன்றல்ல. இரண்டையும் 'போராட்டம்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் வீட்டில் அம்மா அப்பா பயப்படுகிறார்கள், நண்பர்கள் பயமே இல்லை என்கிறார்கள்.

இப்போது, ஏன் இரண்டையும் கலக்கிறார்கள் என்ற கேள்வி. இது புதுக் கூட்டு இல்லை, இந்த நாட்டில் நூறு வருஷப் பழக்கம். எம்மா கோல்ட்மன் 1917-ல் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பை எதிர்த்ததற்காகச் சிறை போனார். வெளியே வந்ததும் 1919 டிசம்பரில் மொத்தம் 249 பேரோடு புஃபர்ட் என்ற கப்பலில் ஏற்றி ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போர் எதிர்ப்பும் நாடு கடத்தலும் ஒரே ஆள்மேல் வந்து விழுந்த காட்சி அது. சட்டக் காரணமும் ஒன்று உண்டு. சீனர்களை விலக்கிய சட்டத்தின் மேல் 1889-ல் வந்த தீர்ப்பிலிருந்தே, குடியேற்றத்தை வெளியுறவு, போர், இறையாண்மை என்ற ஒரே பெட்டியில் வைத்து, இதில் நாங்கள் அதிகம் தலையிட மாட்டோம் என்று நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொண்டன. அதிபரின் கை மிக நீளமாக இருக்கும் இரண்டு இடம் இவை. 2025 மார்ச்சில் வெனிசுலாக்காரர்களை எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பப் பயன்படுத்திய சட்டம் எது தெரியுமா? 1798-ல் எழுதிய, எதிரி நாட்டவர் பற்றிய போர்க் காலச் சட்டம். அதற்கு முன் 1812 போரிலும் இரண்டு உலகப் போர்களிலும் மட்டுமே எடுத்தது. ஆக, இரண்டையும் ஒரே பெட்டியில் முதலில் போட்டது ஊர்வலக்காரர்கள் அல்ல.

மிகத் தெளிவான உதாரணம் 1980-களின் அடைக்கல இயக்கம். எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் உள்நாட்டுப் போர். எல் சால்வடோர் அரசுக்கு அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து உயிர் தப்பி வந்தவர்களை அகதி என்று ஒப்புக்கொண்டால், நாம் ஆதரிக்கும் அரசு சொந்த மக்களைக் கொல்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அவர்கள் கேட்ட அடைக்கலத்தில் 100-க்கு 3 கூட ஏற்கப்படவில்லை. 1982 மார்ச் 24 அன்று, ஆர்ச்பிஷப் ஆஸ்கர் ரொமேரோ கொல்லப்பட்ட இரண்டாம் ஆண்டு நிறைவில், அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு பிரஸ்பிட்டீரியன் தேவாலயம், இவர்களுக்கு நாங்கள் அடைக்கலம் தருகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. பாதிரியார் ஜான் ஃபைஃப், மாடு வளர்த்துக்கொண்டிருந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜிம் கார்பெட் இருவரும் முன்னின்றார்கள். ஒளிவுமறைவு இல்லை, அரசுக்கே எழுதித் தெரிவித்தார்கள். அரசு என்ன செய்தது? டேப் ரெக்கார்டர் மறைத்துவைத்த உளவாளிகளைத் தேவாலயக் கூட்டங்களுக்கு அனுப்பியது. 1986-ல் ஃபைஃப் உள்பட எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, ஆனால் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. தேவாலயங்கள் தனியாகப் போட்ட வழக்கு 1991-ல் சமரசத்தில் முடிந்தது. நிராகரிக்கப்பட்டவர்களை மறுபடியும் விசாரிக்க அரசு ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய வருஷமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தற்காலிகப் பாதுகாப்பு நிலை என்ற டி.பி.எஸ். ஏற்பாட்டைச் சட்டமாக்கி, எல் சால்வடோர்காரர்களைப் பெயர் சொல்லி அதில் சேர்த்தது. இன்று எத்தனையோ நாட்டு மக்கள் டி.பி.எஸ். என்று பேசும்போது அதன் வேர் அந்தத் தேவாலயங்கள் வரை போகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

பலன் உண்டா என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யாரும் விஞ்ஞானம் மாதிரிச் சொல்ல முடியாது. 2003 பிப்ரவரி 15 அன்று உலகம் முழுக்க இலட்சக்கணக்கானோர் இராக் போரை எதிர்த்து இறங்கினார்கள். அடுத்த மாதமே போர் தொடங்கிவிட்டது. 2005 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அனுமதியின்றி இங்கே இருப்பதையே கிரிமினல் குற்றமாக்கும் மசோதா. 2006 வசந்தத்தில் லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ என்று இலட்சக்கணக்கானோர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். மே 1 அன்று வேலைக்கும் கடைக்கும் போகாமல் இருந்தார்கள். மசோதா செனட்டைத் தாண்டவில்லை. ஊர்வலத்தால்தான் நின்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செனட்டுக்கே அதில் விருப்பம் குறைவு. அவர்கள் கேட்ட சீர்திருத்தமும் வரவில்லை. என் கணிப்பு என்னவென்றால், வரப்போகும் ஒன்றைத் தடுப்பதில் ஊர்வலத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. தொடங்கிவிட்ட போரை நிறுத்துவதில் ஒற்றை நாள் ஊர்வலத்துக்கு ஏறக்குறைய பலமே இல்லை. அடைக்கல இயக்கம் மாதிரிப் பத்து வருஷம் வழக்கு, படிவம், கூட்டம் என்று இழுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் கடைசியில் எதையாவது வாங்குகிறார்கள்.

உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால் என்ன சொல்வேன்? பெர்மிட் உள்ள, பகல் நேர ஊர்வலம் என்றால் போ என்பேன். ஐஸ் அலுவலகத்தின் வாசலில், வண்டி வரும் வழியில் நடக்கும் ஆர்ப்பாட்டம் என்றால் வேண்டாம் என்பேன். அங்கே நடைபாதை எங்கே முடிகிறது, கூட்டாட்சி நிலம் எங்கே தொடங்குகிறது என்பது ஒரு சாயக் கோடுதான், தள்ளுமுள்ளில் கால் எந்தப் பக்கம் போனது என்று உங்களுக்கே தெரியாது. கூட்டாட்சி அதிகாரியைத் தடுத்தார் என்பது சில்லறைக் குற்றமில்லை. விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலோ, பழைய கைது ஏதாவது இருந்தாலோ, எஃப்-1 நிலையில் இடைவெளி விழுந்திருந்தாலோ, எந்த ஊர்வலத்துக்கும் முன்னால் ஒரு குடியேற்ற வக்கீலிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

போவதாக இருந்தால், போனை முகத்தாலும் விரலாலும் திறக்கும் வசதியை அணைத்துவிட்டு எண் பூட்டு மட்டும் வையுங்கள். வாரன்ட் இல்லாமல் கைதானவரின் போனைத் துழாவக் கூடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, இருந்தாலும் எண்ணைச் சொல்லவைப்பதைவிட விரலைப் பிடித்து வைப்பது சுலபம். வக்கீல் ஹாட்லைன் எண்ணைக் கையில் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள், பிடித்தால் போனை முதலில் வாங்கிவிடுவார்கள். போலீஸைத் தள்ளி நின்று வீடியோ எடுக்கலாம் என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் வீடியோவில் பக்கத்தில் நிற்பவர் முகம் விழும், அவருடைய விசா என்ன என்று உங்களுக்குத் தெரியாது. கலையச் சொன்னால் முதல் அறிவிப்பிலேயே கிளம்புங்கள். கலைய நேரமும் வழியும் தர வேண்டும் என்பது விதி, தராமல் சுற்றி வளைத்த சம்பவங்களும் நிறைய. அதனால் கூட்டத்தின் நடுவில் மாட்டாமல் ஓரத்தில், எந்தத் தெரு வழியாக வெளியேறலாம் என்று பார்த்துவைத்துக்கொண்டு நில்லுங்கள்.

அதிகாரி கேட்டால், நான் போகலாமா என்று கேளுங்கள். போகலாம் என்றால் போங்கள். இல்லையென்றால் பேசாமல் இருக்க விரும்புகிறேன், வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். சில மாநிலங்களில் பெயர் மட்டும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: 18 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. முன்பு யாரும் கண்டுகொள்ளவில்லை, 2025-லிருந்து கண்டுகொள்கிறார்கள். ஐ-94 அச்சுப்பிரதி பர்ஸில் இருக்கட்டும், பாஸ்போர்ட் வீட்டில் இருக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். எது சொன்னாலும் சொல்லுங்கள், நான் அமெரிக்கக் குடிமகன் என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். பொய்யாகக் குடியுரிமை கோரினால் 1996 சட்டப்படி அநேகமாக வாழ்நாள் தடை, மன்னிப்பு ஏறக்குறைய கிடையாது.

இதே காரணத்துக்காக, ஊர்வலத்தில் கிளிப்போர்டு நீட்டுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். பக்கத்தில் சிரித்தபடி வந்து ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். பாதி நேரம் அது வாக்காளர் பதிவுப் படிவம், அல்லது பதிவான வாக்காளர்கள் மட்டும் கையெழுத்திட வேண்டிய மனு. அவசரத்தில் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பின்னால் கிரீன் கார்டு நேர்காணலில் விழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பணம்: அரசு சாராத உதவி அமைப்புக்குக் கொடுக்கலாம், ஜாமீன் நிதிக்குக் கொடுக்கலாம். தேர்தல் வேட்பாளருக்கு 5 டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் தேர்தல் நன்கொடை தருவது சட்டவிரோதம். ஆனால் உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்குப் போன் செய்து கருத்துச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, வாக்கு இல்லாவிட்டாலும்.

கடைசியாக, எல்லா முன்னெச்சரிக்கையையும் மீறிக் கைதாகிவிட்டால். அரசு தரும் இலவச வக்கீலிடம் முதல் வாக்கியத்திலேயே, நான் குடிமகன் இல்லை, எஃப்-1 என்று சொல்லுங்கள். அவர் கையில் அன்று நாற்பது கேஸ் இருக்கும், கேட்காமல் விட்டுவிடுவார். 2010-ல் ஒரு வழக்கில், ஹோண்டுராஸில் பிறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் கிரீன் கார்டில் இருந்த, வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒருவர், குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் குடியேற்றப் பிரச்சினை வராது என்று வக்கீல் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டு நாடு கடத்தலில் மாட்டினார். அதில்தான் உச்ச நீதிமன்றம், குடியேற்ற விளைவைச் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. அந்தக் கடமையைக் கேட்டு வாங்குங்கள். சின்ன அபராதம்தான், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று யார் சொன்னாலும், அந்தக் காகிதத்தை ஒரு குடியேற்ற வக்கீல் பார்க்கும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் தேதி தருவார்கள். அப்புறம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதையும் அந்த வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், நீங்கள் சொன்னதைப் பதிவில் ஏற்றவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கலாம்.